இரவல் ரோடு பைக்: ஊரிலிருந்து வரும் நண்பருக்காகச் சீட்டும் கியரும் சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அன்புத் தொல்லை உண்டு. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் என்று சிதறிப்போன கூட்டாளிகள் பொங்கல் லீவுக்கு வந்து இறங்கியதும், “ஒரு நாள் கோத்தகிரி ஏறிடலாமா?” என்பார்கள். சைக்கிள்? “அதான் உன்கிட்ட ரெண்டு இருக்கே!”

எட்டு வருடமாக என் இரண்டாவது சைக்கிள் இப்படித்தான் பலரையும் சுமக்கிறது. அதைப் பார்த்து, தங்கள் சைக்கிளை இரவல் கொடுக்கப்போகும் மற்றவர்களும் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கணக்குக்கு உதவட்டும் என்று என் சைக்கிளின் விவரம்: 54 அளவு அலுமினிய ஃபிரேம், ரிம் பிரேக், முன்னால் 50/34 பல் (பெரிய பல்சக்கரத்தில் 50 பல், சின்னதில் 34), பின்னால் 11 கியர், 11-28 கேசட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு; மிகச் சின்னதில் 11 பல், மிகப் பெரியதில் 28). என் உயரம் 5 அடி 8 அங்குலம், எடை 68 கிலோ.

என் சைக்கிளை அவனுக்குக் கொடுக்கலாமா கூடாதா, முதல்ல அதைச் சொல்லுங்க. அவன் என்னைவிட உயரம்.

உங்களுக்கும் அவருக்கும் உயர வித்தியாசம் மூன்று அங்குலத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதற்கு மேல் போனால் யோசிக்க வேண்டும். உயரமானவர் என்றால் சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாய்) ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியும் அளவுக்கு ஏற்றக் கூடாது. தெரிந்தால் போஸ்ட் போதுமான ஆழம் உள்ளே இல்லை என்று பொருள். பள்ளத்தில் இறங்கும்போது ஃபிரேமே விரிசல் விடலாம். குள்ளமானவர் என்றால், இரண்டு காலும் தரையில் ஊன்றி மேல் குழாயின் மேலே நின்று பார்க்கச் சொல்லுங்கள். இடிக்காமல் ஓரிரு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும்.

அது இல்லை என்றால் கொடுக்காதீர்கள். வாடகை சைக்கிள் எடுத்துக் கொடுப்பது மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

எதையாவது கழட்டுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

இன்சுலேஷன் டேப். சீட் போஸ்ட் ஃபிரேமுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சுற்று, சீட்டின் அடிக் கம்பியை கிளாம்ப் பிடிக்கும் இடத்தில் ஒரு துண்டு. பிறகு இரண்டு பெடல் கைகளும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பக்கம் வரை எவ்வளவு, சீட் நுனியிலிருந்து ஹேண்டில்பார் வரை எவ்வளவு என்று அளவு டேப் வைத்து அளந்து போனில் எழுதிக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஒரு போட்டோ.

இதைச் செய்யாமல் போன முதல் தடவை, நண்பர் ஊருக்குப் போன பிறகு என் பழைய உயரத்தைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தினமும் நாலு மில்லிமீட்டர் ஏற்றுவேன், இறக்குவேன். முதுகு மட்டும் சரியாகவில்லை. உங்கள் அளவு காகிதத்தில் இருந்தால் போதும், அவருக்காக என்ன வேண்டுமானாலும் தைரியமாக மாற்றலாம்.

சீட் உயரம் எவ்வளவு வைக்கிறது? பக்கத்துல நின்னா இடுப்பு எலும்பு உயரத்துக்கு வைக்கணும்னு சொல்றாங்களே?

அது வாடகை சைக்கிள் கடையில் அவசரத்துக்குச் சொல்வது. இரண்டு பேர் ஒரே உயரம் இருந்தாலும் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு உடம்பு நீளம். உட்கால் அளவு எடுங்கள்: நண்பர் செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நிற்கட்டும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே, சீட்டில் உட்காரும்போது படுகிற அழுத்தத்தோடு மேலே தூக்கிப் பிடிக்கட்டும். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்து, அதை 0.883 ஆல் பெருக்கினால் அதே நடு அச்சின் மையத்திலிருந்து சீட் மேல்பக்கம் வரை வர வேண்டிய உயரம். என் உட்கால் 82 செ.மீ., எனவே 72.4. உட்கால் 78 உள்ள நண்பருக்கு 68.9.

இது தொடக்கப் புள்ளி மட்டும்தான். பிறகு அவரைச் சைக்கிளில் ஏற்றி, நீங்கள் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைப் பெடலில் வைத்துப் பின்பக்கமாக மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் கீழே போகும்போது கால் நேராக நீள வேண்டும்; ஆனால் இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முட்டியில் தானாகவே ஒரு லேசான மடிப்பு வந்துவிடும். அவர் எந்த ஷூவில் ஓட்டப்போகிறாரோ அதே ஷூவில் பாருங்கள், அடித்தோலின் தடிமனும் கணக்கில் வரும்.

பழக்கமில்லாதவருக்கு நான் கணக்கைவிட அரை சென்டிமீட்டர் குறைத்துத்தான் வைப்பேன். சிக்னலில் கால் ஊன்றத் தெரியாமல் சாய்ந்து விழுவதற்கு அது மேல்.

போல்ட்டை எவ்வளவு முறுக்குறது? கை வலிக்கிற வரைக்கும் முறுக்கினா போதுமா?

போதுமானதைவிட அதிகம். சீட் கிளாம்ப், ஸ்டெம் (ஹேண்டிலை ஃபிரேமின் முன்பக்கத்தோடு இணைக்கும் குட்டைக் கை) இவற்றின் போல்ட்டுகளில் பெரும்பாலும் எத்தனை நியூட்டன் மீட்டர் என்று பொறித்தே இருக்கும். 5 என்பது அடிக்கடி காணும் எண். அது கைக்கு ரொம்பக் குறைவாகத் தோன்றும், அதனால்தான் ஒரு டார்க் ரெஞ்ச் (எவ்வளவு முறுக்கினோம் என்று காட்டும் ஸ்பேனர்) வாங்கி வைப்பது நல்லது. கார்பன் போஸ்ட் என்றால் கிரீஸ் தடவ வேண்டாம், கார்பன் பேஸ்ட் என்று தனியாக மணல்போல நறநறவென்று ஒன்று விற்கிறார்கள், அதுதான். அலுமினியப் போஸ்ட்டுக்கு மெல்லிய கிரீஸ்.

சீட்டை அவருக்கு ஏத்தின பிறகு ஹேண்டில் ரொம்பக் கீழே, தூரமா இருக்குங்கறார். எனக்குச் சரியாத்தானே இருந்தது?

சீட் குழாய் நேராக நிற்பதில்லை. பின்பக்கம் சாய்ந்து, தரையோடு ஏறக்குறைய 73 டிகிரியில் இருக்கும். அதனால் சீட்டை 3 செ.மீ. ஏற்றினால் அது கிட்டத்தட்ட 9 மி.மீ. பின்னாலும் போகிறது. ஹேண்டில் அதே இடத்தில் இருக்க, அவர் இன்னும் குனிந்து இன்னும் எட்ட வேண்டியிருக்கிறது. சீட்டை இறக்கும்போது இதற்கு நேர்மாறு: ஹேண்டில் தானாகவே அருகிலும் உயரத்திலும் வந்துவிடும். ஆகவே உங்களைவிடக் குள்ளமான நண்பருக்குப் பெரும்பாலும் சீட்டை மட்டும் இறக்கினால் போதும். உயரமானவருக்குத்தான் வேலை.

முதலில் சீட்டை அதன் கம்பிகளின் மேல் ஒரு சென்டிமீட்டர் முன்னால் தள்ளுங்கள். பாதி பேருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஸ்டெம்.

ஸ்டெம்மைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா ஹேண்டில் ஏறும்னு சொல்றாங்க. நானே செய்யலாமா?

செய்யலாம். சாதாரணமாக வருவது 6 டிகிரி சாய்வுள்ள ஸ்டெம். 100 மி.மீ. நீளத்தில் அதைத் திருப்பினால் ஹேண்டில் சுமார் 2 செ.மீ. ஏறும், 6 மி.மீ. அருகில் வரும். கேட்கக் கொஞ்சமாகத் தெரியும், முதுகுக்குப் பெரிய வித்தியாசம். ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் மிச்சம் இருந்தால் அவற்றைக் கீழே போட்டாலும் அந்த அளவு ஏறும். வளையம் ஒன்று எத்தனை மி.மீ.யோ அத்தனை.

தவறு நடப்பது மறுபடி மாட்டும்போது. மேல் மூடியின் போல்ட் ஸ்டெம்மைப் பிடிப்பதற்கு இல்லை, ஹேண்டில் திரும்புமிடத்து ஹெட்செட் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு. அதை முதலில் லேசாக முறுக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்று ஆட்டம் இருந்தால் இன்னும் கால் சுற்று. ஆட்டம் நின்று, ஹேண்டிலும் தடையில்லாமல் திரும்பினால், சக்கரத்தோடு ஹேண்டிலை நேராக்கி, அப்புறம் பக்கவாட்டு போல்ட்டுகளை முறுக்குங்கள். பலர் பக்க போல்ட்டை இறுக்கிவிட்டு மேல் மூடியோடு மல்லுக்கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் ஆட்டம் போகவே போகாது.

கேபிள் எல்லாம் ஸ்டெம்முக்குள் புகுந்து போகும் புது மாடல் என்றால் தொடவே வேண்டாம். இரண்டு நாள் விருந்தாளிக்காக அந்த வேலை ஆகாது.

பிரேக் லீவர் விரலுக்கு எட்டலைன்னு தோழி சொல்றா. கை சின்னது.

லீவரைக் கிட்டே கொண்டுவர முடியும். ஷிமானோ நிறுவனத்தின் இப்போதைய ரோடு லீவர்களில் பெரும்பாலும் ஒரு சின்ன ஸ்க்ரூ ஒளிந்திருக்கிறது. முறுக்கினால் லீவர் ஹேண்டிலை நோக்கி வரும். மிகப் பழைய லீவர்களில் ஸ்க்ரூவுக்குப் பதில் ரப்பர் ஆப்பு போன்ற ஒன்றைச் செருக வேண்டும். சரிசெய்த பிறகு லீவரை முழு பலத்தோடு இழுத்துப் பாருங்கள், ஹேண்டிலை முட்டக் கூடாது. முட்டினால் கேபிளையும் இறுக்க வேண்டும்.

இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரேக் மேலேயே விரல். எட்டாத லீவரை நுனிவிரலால் பிடித்து இறங்கினால் கை மரத்துப்போகும். எனக்கு இதுதான் சீட் உயரத்துக்கு அடுத்த முக்கியம்.

பெடல் கழறவே மாட்டேங்குது. இடது பக்கம் எவ்வளவு முறுக்கினாலும் இன்னும் இறுகுது.

இடது பெடலின் மரை தலைகீழ். எந்தப் பக்கம் என்று மனதில் வைக்க ஒரு வழி: இரண்டு பெடலுமே, ஸ்பேனரைச் சைக்கிளின் பின்சக்கரப் பக்கம் சுழற்றினால் கழறும் (ஸ்பேனர் மேல்நோக்கி நிற்கும்போது). ஷூவை மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் பழக்கமில்லாதவருக்குத் தட்டைப் பெடல் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. போடும்போது மரையில் கிரீஸ். முதல் சில சுற்றுகளை விரலாலேயே முறுக்குங்கள். கோணலாகப் போனால் கிராங்க்கின் (பெடல் மாட்டும் கை) மரை போய்விடும், அதற்கு மாற்று பெரும்பாலும் புதுக் கிராங்க்தான்.

காத்து எனக்கு அடிக்கிற அளவே அடிச்சா போதாதா?

எடையைப் பாருங்கள். 25 மி.மீ. டயரில் எனக்கு முன்னால் 80, பின்னால் 85 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். 85 கிலோ நண்பருக்கு 90, 100. குறைவாக இருந்தால் குழியில் டியூப் ரிம்மோடு நசுங்கி இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். வழியில் உள்ள பஞ்சர் கடைகளின் குழாய் ரோடு பைக்கின் மெல்லிய வால்வில் நேரடியாகப் பிடிக்காது. அடாப்டர் ஒன்றைப் பையில் போட்டுக் கொடுங்கள்.

கியர் மாத்தச் சொல்லிக்கொடுத்தா குழம்பிடறார். வலது கையில தள்ளினா லேசாகுது, இடது கையில தள்ளினா கனமாகுது. ஏன் இப்படி?

அவர் குழம்புவது நியாயம்தான். ஷிமானோ லீவரில் பெரிய தகட்டைத் தள்ளினால் கேபிள் இழுபடும். செயின் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும். இரண்டு கைக்கும் அதே விதி. ஆனால் பின்னால் பெரிய சக்கரம் என்றால் மிதிக்க லேசு, முன்னால் பெரிய சக்கரம் என்றால் கனம்.

நான் இதையெல்லாம் விளக்குவதில்லை. மேட்டுப்பாளையத்தில் பவானிப் பாலம் தாண்டியதும் முன்னால் சின்னதில் நானே போட்டுவிட்டு, “இன்னைக்கு இடது கையை மறந்துடு. வலது கைப் பெரிய தகடு லேசு, சின்னத் தகடு கனம். அவ்வளவுதான்” என்பேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: கனமாகி நின்றே போன பிறகு மாற்றக் கூடாது, வளைவு தெரிந்ததுமே, கால் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்போதே மாற்ற வேண்டும். முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் கறமுற என்று கத்தும், சில சமயம் கழன்றும் விழும்.

50/34, 11-28 போதாதா? நான் அதிலேயே ஏறறேனே.

நீங்கள் ஏறுவீர்கள். வாரம் மூன்று நாள் ஓட்டுகிறீர்கள். விருந்தாளிக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

25 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னால் 34 பல், பின்னால் 28 என்றால், பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.21 சுற்று, அதாவது 2.55 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கி.மீ. வேகம். இப்போது, எப்போதாவது ஓட்டும் 80 கிலோ நண்பர் 6 சதவீத ஏற்றத்தில் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும் வேகம் ஏழு, ஏழரை கிலோமீட்டர்தான். அந்த வேகத்துக்கு 34/28 கியரில் நிமிடத்துக்கு 49 சுற்றுதான் கிடைக்கும். ஒவ்வொரு மிதியும் படிக்கட்டு ஏறுவதுபோல முட்டியில் இறங்கும். பின்னால் 34 பல் இருந்தால் அதே வேகத்துக்கு 59 சுற்று. வேலை அதேதான், ஆனால் சின்னச் சின்ன மிதிகளாகப் பிரிந்துவிடுகிறது.

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குச் சுமார் 33 கிலோமீட்டரில் ஏறக்குறைய 1,450 மீட்டர் உயரம் ஏறுகிறோம். அந்த நண்பருக்கு நாலரை மணி நேர வேலை. நாலரை மணி நேரம் 49 சுற்றில் மிதித்தவர் மறுநாள் மாடிப்படி இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். பக்கவாட்டில் இறங்கினார். சென்னை ஈ.சி.ஆரில் நூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் என்றாலும் ஏமாறாதீர்கள்; அங்கே ஏற்றம் என்று சொல்லிக்கொள்வது மேம்பாலத்தைத்தான்.

அப்போ 11-34 கேசட் வாங்கி மாட்டிட்டா முடிஞ்சுதா?

அதற்கு முன்னால் மூன்றைப் பாருங்கள். முதலாவது, பின் டெரெய்லர் (செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி) அவ்வளவு பெரிய பல்லைத் தாங்குமா என்பது. அதன் உள்பக்கம் மாடல் எண் பொறித்திருக்கும். ஷிமானோவின் 105 என்ற உதிரிபாக வகையில் ஆர்7000 வரிசை என்றால், எஸ்.எஸ். என்று முடியும் குட்டைக் கூண்டு (டெரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களைத் தாங்கும் பகுதி) 30 பல் வரை, ஜி.எஸ். என்று முடியும் நீளக் கூண்டு 34 வரை. அதற்கு முந்தைய 5800 வரிசையில் இதே இரண்டும் 28, 32. குட்டைக் கூண்டு என்றால் 11-30 போட்டுத் திருப்திப்படுங்கள், இல்லாவிட்டால் டெரெய்லரையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது செயின் நீளம். இதை மறந்தால்தான் பெரிய செலவு. பின்னால் 6 பல் கூடினால் செயின் ஒன்றரை அங்குலம் கூடுதலாகத் தேவை. பழைய செயினோடு ஓட்டி, நண்பர் தெரியாமல் முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று போட்டுவிட்டால், செயின் முறுக்கேறி டெரெய்லரைப் பிய்த்துக்கொண்டு போகும். அளக்க வழி: செயினை டெரெய்லரில் விடாமல், முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் மேல் சுற்றி, இரண்டு நுனியும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள்.

மூன்றாவது, கியர் எண்ணிக்கை. 11 கியர் லீவருக்கு 11 கியர் கேசட்தான். அதிலும் ஷிமானோவின் 11-34 கேசட்டில் ஒரு வினோதம்: ஹெச்.ஜி.800 என்ற கேசட் பழைய 10 கியர் ஹப் (பின்சக்கரத்தின் நடுப்பகுதி) அகலத்துக்குச் செய்தது. 11 கியர் ஹப்பில் போடும்போது கூடவே வரும் 1.85 மி.மீ. வளையத்தை உள்ளே போட வேண்டும். டப்பாவோடு அதைத் தூக்கி எறிந்துவிட்டு, கேசட் ஆடுகிறதே என்று என்னிடம் வந்தவர்கள் இரண்டு பேர்.

நான் இப்போது 11-34 கேசட்டையும் அதற்கென்றே வெட்டிய செயினையும் ஜோடியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் ஜோடி மாறும். தேய்ந்த செயினைப் புதுக் கேசட்டில் போட்டால் வழுக்கும் என்பதால், இரண்டையும் பிரிக்காமல் இருப்பது அந்த வகையிலும் நல்லது.

என்கிட்ட இருக்கிறது பழைய 53/39. சின்னப் பல்லை மட்டும் 34ஆ மாத்த முடியுமா?

ஐந்து போல்ட் உள்ள பழைய கிராங்க் என்றால் முடியாது. அந்தப் போல்ட்டுகள் 130 மி.மீ. வட்டத்தில் உட்கார்ந்திருக்கும், அதில் பொருந்தும் மிகச் சின்னப் பல் 38. புதிய நான்கு கை ஷிமானோ கிராங்க்கில் வட்டம் 110 மி.மீ. என்பதால் 34 பொருந்தும், ஆனால் பெரிய பல்லையும் 50 ஆக மாற்றி, முன் டெரெய்லரைக் கொஞ்சம் இறக்க வேண்டும்.

39/25 வைத்துக்கொண்டு முன்பு சொன்ன அதே ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் நிமிடத்துக்கு 38 சுற்று. என் பழைய சைக்கிள் அப்படித்தான் இருந்தது. அதை வாங்கிப்போன நண்பர் குஞ்சப்பனை செக்போஸ்ட் அருகே இறங்கி, சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். தப்பு அவர் மேல் இல்லை. அந்தச் சைக்கிளை ஈ.சி.ஆருக்குக் கொடுங்கள், மலைக்கு வேண்டாம்.

கேசட் மாத்தின பிறகு ஒரு கியர்லயும் நிக்க மாட்டேங்குது, கடகடன்னு சத்தம்.

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் கேபிள் இழுப்பின் பிரச்சினைதான். டெரெய்லருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் உருளையான திருகு இருக்கும். பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் அதை இடஞ்சுழியாகக் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. கால் கால் சுற்றாக, ஒவ்வொரு தடவையும் மிதித்துப் பார்த்துச் செய்யுங்கள். ஏறுவதும் சரியில்லை, இறங்குவதும் சரியில்லை என்றால் கேபிள் துருப்பிடித்திருக்கும், அல்லது ஹேங்கர் (டெரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் சின்ன உலோகத் துண்டு) வளைந்திருக்கும்.

பெரிய கேசட் போட்டதும் பார்க்க வேண்டிய இன்னொரு ஸ்க்ரூ, டெரெய்லரின் பின்பக்கம் இருக்கும் பி-ஸ்க்ரூ. மேல் சின்னச் சக்கரத்துக்கும் பெரிய பல்லுக்கும் நடுவே ஐந்தாறு மி.மீ. இடைவெளி வரும்வரை முறுக்குங்கள். கடைசியாக எல் என்று குறித்த ஸ்க்ரூ: பெரிய பல்லில் நிற்கும்போது டெரெய்லரைக் கையால் சக்கரத்தின் பக்கம் தள்ளிப் பாருங்கள். ஆரக்கம்பியைத் தொடும் அளவுக்குப் போனால் அந்த ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஏற்றத்தில் பதறிப்போனவர் லீவரைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். செயின் ஆரக்கம்பிக்குள் விழாமல் தடுப்பது இந்த ஒரு ஸ்க்ரூதான்.

எல்லாம் சரியாத்தான் வச்சேன், ஆனா முதல் நாளே முட்டி வலிங்கறார்.

எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். முட்டியின் முன்பக்கம் என்றால் சீட் தாழ்வு, அல்லது கியர் கனம். பின்பக்கம் என்றால் சீட் உயரம். ஐந்து மில்லிமீட்டர் ஏற்றியோ இறக்கியோ பாருங்கள், அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். முன்பக்க வலிக்கு, அவர் எந்தக் கியரில் மிதிக்கிறார் என்று பின்னாலிருந்து கவனியுங்கள். லேசான பல் இருந்தும் கௌரவத்துக்காகக் கனத்தில் மிதிக்கிறவர்கள் உண்டு.

அமெரிக்காவுல இருந்து வர்றார். பிரேக் மாத்தி இருக்கும்னு சொல்றாங்க, நிஜமா?

நிஜம். நம் ஊரிலும் பிரிட்டனிலும் வலது லீவர் முன் பிரேக் என்பது வழக்கம், அமெரிக்காவில் இடது. உங்கள் சைக்கிளில் எது என்று முதலில் நீங்களே சோதித்துப் பாருங்கள். பின் பிரேக் என்று நினைத்து முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ரிம் பிரேக் என்றால் கேபிளை இடம் மாற்றிக் கொடுக்கலாம், அரை மணி நேர வேலை. ஆயில் பிரேக் என்றால் வேண்டாம். அதற்குப் பதில் முன் பிரேக் லீவரில் சிவப்பு டேப் ஒன்று சுற்றி, தெருவில் பத்து தடவை நிறுத்திப் பழகச் சொல்லுங்கள். இந்த ஊரில் மோட்டார் பைக் ஓட்டுகிறவர்களுக்கு வலது கை முன் பிரேக் தானாகவே வரும், அவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

அவர் சொந்த சைக்கிளையே பெட்டியில போட்டு ஃப்ளைட்ல கொண்டு வர்றாராம். நான் என்ன தயார் பண்ணணும்?

அளவு எடுக்கும் வேலை மிச்சம். ஸ்டெம் மாட்டுவதில் மேலே சொன்ன வரிசையைக் கவனியுங்கள். அவருடைய சைக்கிளின் ஹேங்கர் உதிரி ஒன்றை அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒவ்வொரு ஹேங்கர் என்பதால் இங்கே கடைகளில் தேடிக்கொண்டிருக்க முடியாது. மேலே சொன்ன கணக்கை அவருடைய கியருக்கும் போட்டுப் பாருங்கள். சமவெளி ஊர்க்காரர்கள் 52/36, 11-28 என்று வருவார்கள்.

இறங்கும்போது என்ன சொல்லி அனுப்பணும்?

ஹேண்டிலின் கீழ் வளைவைப் பிடித்து இறங்கச் சொல்லுங்கள், அங்கிருந்து லீவரை இழுக்கும் பலம் அதிகம். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட வேண்டும். தொடர்ந்து உரசிக்கொண்டே வராமல், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். ரிம் பிரேக்கில் கனமானவர் உரசிக்கொண்டே வந்தால் ரிம் கை வைக்க முடியாத சூடாகும். பாதியில் ஒரு டீ. பிரேக் கட்டையில் கோடு தேய்ந்திருந்தால் முந்தின நாளே மாற்றிவிடுங்கள்.

அந்தி சாய்ந்த பிறகு இறங்காதீர்கள். குஞ்சப்பனைப் பக்கம் பலாப்பழக் காலத்தில் யானைகள் சாலைக்கு வரும். அந்த நேரத்தில் கியர் கணக்கு உதவாது.

ஊருக்குப் போயிட்டார். சைக்கிளைக் கீழே போட்டிருப்பாரோன்னு சந்தேகம். கேட்கவும் சங்கடம். எப்படித் தெரிஞ்சுக்கிறது?

வலது லீவரின் ரப்பரில் சிராய்ப்பு, வலது பெடலின் வெளி விளிம்பு, சீட்டின் வலது ஓரம். வலது பக்கம் விழுந்திருந்தால் இந்த மூன்றும் சொல்லிவிடும். பிறகு பின்னால் குனிந்து பாருங்கள்: டெரெய்லரின் கூண்டு சக்கரத்துக்கு இணையாகத் தொங்க வேண்டும், உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்திருக்கிறது. அப்படியே ஓட்டிப் போய்ப் பெரிய பல்லுக்கு மாற்றிவிடாதீர்கள், முன்பு சொன்ன எல் ஸ்க்ரூவும் அப்போது காப்பாற்றாது.

ஒரு வருடம் என் சைக்கிள் இப்படித்தான் திரும்பி வந்தது. ஹேங்கர் வளைந்து, பார் டேப்பில் செம்மண் ஒட்டிக்கொண்டு. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்கு வந்தவர் பையிலிருந்து என் மாடலுக்குச் சரியான ஹேங்கர் ஒன்றை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு, “காலையில எத்தனை மணிக்குக் கிளம்பறோம்?” என்றார்.